தலைமாடு எந்தப் பக்கம்

"ஏ மதுராம்பா, இது எந்தப் பக்கம்?"

நாலாவது மாடியில் கட்டிலில் உட்கார வைத்ததும் பெரியம்மாள் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். டாக்டர் யார், ஆபரேசன் என்றைக்கு என்று எதுவும் கேட்கவில்லை.

"எதுக்கா?"

"தலமாடுதான். நான் படுத்தா தல எந்தத் தெசைக்கு வருது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். இந்தப் பக்கம் எட்டுக் கட்டில், எதிர்ப்பக்கம் எட்டுக் கட்டில், நடுவில் நடக்க வழி. கோடியில் வரிசையாகக் கண்ணாடிச் சன்னல்கள், திறக்கிற வகை இல்லை. வெளியே கார்த்திகை மாதத்து வானம் மூடிக் கிடந்தது. எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். தரையில் நிற்கும்போது எனக்குத் திசை தெரியும். லிப்டில் ஏறி இறங்கினதில் அது எங்கேயோ தவறிவிட்டது.

அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் பிரவீணாவிடம் அக்காவே கேட்டாள்.

"ஏம்மா, இது எந்தப் பக்கம்?"

"இது பி பிளாக்கும்மா."

"அது சரி. வடக்கா, தெக்கா?"

"பி பிளாக், நாலாவது மாடி, பதினாலாம் நம்பர் பெட்டு. யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா இப்படியே சொல்லுங்க, நேரா வந்துருவாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கித் தானே கணக்குப் போட்டாள். "வாசப்படி கெழக்க பாத்து இருந்துச்சு. உள்ள வந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்புனோம். அப்புறம் அந்தப் பெட்டி. வெளிய வந்து பீச்சாங்கைப் பக்கம். அப்ப தல கெழக்க. என்னடி?"

"கெழக்குதாங்க்கா," என்றேன். எனக்கு அப்போது டீ குடித்தால் போதும் என்றிருந்தது.

பெரியம்மாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் அய்யம்பெருமாள் மாமாவின் மனைவி. பிறந்தது விக்கிரமங்கலம், வாழ்க்கைப்பட்டது பெரம்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். மூன்று வருஷமாக அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிக் கிடந்தது. பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அதோடேயே களை எடுத்தாள், பருத்தி பொறுக்கினாள். மாமாவுக்குக்கூடத் தெரியாது. போன மாதம் ரத்தம் பட ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். அவளை இங்கே கூட்டி வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மகள் திருப்பூரில், மகன் மகேஷ் சென்னையில். இரண்டு பேரிடமும் ஆபரேசன் முடிந்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இந்தப் புதுக் கட்டடத்து வாசலில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஏங்க்கா?"

"தரையப் பாத்தியா, மூஞ்சி தெரியுது. இதுல எப்படிச் செருப்போட போறது?"

வாசலில் நின்ற செக்யூரிட்டி சிரித்தார். "போட்டுக்கிட்டே வாங்கம்மா. தெனமும் பத்துப் பேரு இங்க வந்து கழட்டிடறாங்க. அப்புறம் காணோம்னு எங்கிட்டதான் கேக்கறாங்க."

உள்ளே தரையில் பல நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள். பச்சைக் கோட்டோடு போனால் ஸ்கேன், மஞ்சள் கோட்டோடு போனால் ரத்தம் எடுக்கிற இடம்.

"கோடு மேலயே நடக்க வெக்கறானே, பாண்டி ஆடவாடி வந்தோம்?" என்றாள் அக்கா. ஆனாலும் கோட்டை விட்டுக் கால் பிசகாமல்தான் நடந்தாள்.

இந்த ஆஸ்பத்திரி எங்களுக்குப் புதிது இல்லை. இதே வளாகத்தில், இந்தப் பெரிய கட்டடத்துக்குப் பின்னால், ஓடு போட்ட பழைய பிரசவ வார்டு ஒன்று உண்டு. பெரம்பலூர் தாலுகா ஊராக இருந்த காலத்தில் அக்கா மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றாள். நானும் என் மகளை அங்கேதான் பெற்றேன். அந்த வார்டு எனக்குக் கண்ணில் இருப்பதைவிடக் காதில்தான் அதிகம் இருக்கிறது. கட்டிலுக்கு ஒரு சன்னல், சன்னலுக்கு நாலு கம்பி. ஆம்பளைகள் உள்ளே வரக் கூடாது என்பதால் எல்லாரும் வெளியே நின்று சன்னல் வழியாகத்தான் பேசுவார்கள்.

"ஏய், என்ன புள்ள?"

"பொட்டப் புள்ள."

"யாரு சாயலு?"

"ஒங்க ஆத்தா சாயலு. போயிச் சொல்லுங்க, சந்தோசப்படட்டும்."

ஒரு சன்னலில் இட்லி வரும், ஒரு சன்னலில் சண்டை நடக்கும், இன்னொரு சன்னலில் பேர் வைப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் கொண்டு வந்த வறுகடலையில் நமக்கும் பங்கு உண்டு. பினாயில் நாற்றமும் பாதாம் மரத்து இலை வாசமும் கலந்து வரும். வெளியே வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி, "உள்ள அழுவுறது எந்தக் கட்டில்?" என்று கேட்பாள். உடனே பத்துப் பேர் பதில் சொல்வார்கள்.

இங்கே அந்தச் சத்தம் எதுவும் இல்லை. கட்டிலுக்கு நடுவில் திரை. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், அதுவும் பொம்பளைதான். மற்றவர்களுக்குச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான். நான் மேலே இருந்தேன். மாமா கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தார். பார்க்கிற நேரத்திலும் அவர் மேலே வரவில்லை. லிப்டைப் பார்த்துவிட்டு, "ஆள உள்ள வெச்சு மூடறான். எனக்கு அது ஆவாது," என்று சொல்லிவிட்டார். படி ஏற முழங்கால் விடாது.

"எந்தச் சன்னலு?" என்று என்னிடம் கேட்பார்.

"நாலாவது மாடி மாமா. இந்தக் கோடியிலேருந்து ஆறாவது."

அண்ணாந்து எண்ணிக்கொண்டே போவார். எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி. பாதியில் கணக்குத் தவறும். திரும்ப முதலிலிருந்து எண்ணுவார். துண்டை ஒரு தடவை உயர்த்திக் காட்டுவார், எந்தச் சன்னலுக்கு என்று அவருக்கே தெரியாது.

ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரியும் அக்கா நன்றாகத் தூங்கினாள். புதன்கிழமை ஆபரேசன் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எதிர் வரிசைக் கட்டிலுக்கு ஒரு சின்னப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். சினைப்பையில் கட்டி, எடுத்தாகிவிட்டது. பெயர் அஃப்ரின். கூட இருந்தது அவளுடைய மாமியார் ஜைனம்பு, ஊர் லப்பைக்குடிக்காடு. மகன் துபாயில் இருக்கிறானாம். மாமியார் மருமகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பதைப் பார்த்து அக்கா என்னிடம், "பாத்துக்கடி, நாமளும் மாமியா கையால தின்னோம், அடிதான்," என்றாள். அந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. திரும்பிச் சிரித்தார். அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் பழகிவிட்டார்கள்.

சாயங்காலம் ஜைனம்பு கை கால் கழுவிக்கொண்டு வந்து, "போன்ல பாத்துச் சொல்லு தாயி," என்றார். அஃப்ரின் படுத்தபடியே போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கோடியில் இருந்த சன்னல் பக்கம் கை காட்டினாள். ஜைனம்பு அந்தப் பக்கம் பார்த்து விரிப்பை விரித்துத் தொழுதார். முடித்து மடித்து வைத்ததும் அக்கா கேட்டாள்.

"ஏங்க, நீங்க மேக்க பாத்துதான தொழுவீங்க?"

"ஆமாங்க. மேக்க, செத்த வடக்க சாஞ்சாப்ல. போனே காட்டிக் குடுத்துருது."

"அப்ப சன்னலு இருக்கறது மேக்கு."

"மேக்குதான்."

அக்கா சன்னலைப் பார்த்தாள், தன் தலையணையைப் பார்த்தாள். மேற்கு அவளுக்கு வலது கைப் பக்கம் இருந்தது. மல்லாந்து படுத்திருந்தவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மதுராம்பா, வடக்கடி. நான் ரெண்டு ராவா வடக்க தல வெச்சுப் படுத்திருக்கேன்."

அதற்கப்புறம் அவள் தானாக அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. அன்று ராத்திரி தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பிப் படுத்தாள். பிரசர் பார்க்க வந்த பிரவீணா போர்வையை விலக்கினால் பாதம் இருக்கிறது.

"என்னம்மா இது? தல எங்க போச்சு?"

"இந்தப் பக்கம் இருக்கு தாயி, வா."

"இப்படிப் படுக்கக் கூடாதும்மா. ஆக்சிஜன் பைப்பு, பெல்லு எல்லாம் அந்தச் சுவத்துல இருக்கு. ஏதாச்சும் அவசரம்னா நான் எந்தப் பக்கம் ஓடுறது?"

திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். அக்கா விடிய விடியக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். புதன்கிழமை காலையில் பிரசர் நூற்று எழுபத்திரண்டு. ஆபரேசன் நடக்கவில்லை. வியாழக்கிழமை காலையிலும் நூற்று அறுபத்தெட்டு. டாக்டர் சிவரஞ்சனி கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அம்மா, இத வெச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது. என்ன பயம் ஒங்களுக்கு? ஆபரேசனா?"

"அதுக்கு என்னம்மா பயம். நீங்க பாத்துக்குவீங்க."

"அப்புறம்?"

அக்கா சொல்லவில்லை. படித்த பொண்ணு சிரிக்கும் என்று நினைத்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில ஒரு தடவ பாக்கறோம். கொறையலன்னா மாத்திரை எழுதி வூட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த மாசம் வரச் சொல்லணும். ஆனா உள்ள புண்ணு இருக்கு, ரத்தம் போயிக்கிட்டே இருக்கு. தள்ளிப் போடறது நல்லதில்ல. கண்டிப்பா திரும்பக் கூட்டிக்கிட்டு வருவீங்களா?"

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும். ஒருதடவை வீட்டுக்குப் போனால் இவள் திரும்பி வர மாட்டாள். மூன்று வருஷம் மறைத்தவள் இன்னும் மூன்று வருஷம் மறைப்பாள், அதற்கு உடம்பு இடம் கொடுத்தால்.

கட்டிலுக்குத் திரும்பினால் அக்கா சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அனுப்பிருவாங்களாம். மூணாம் பெட்டுக்காரி சொன்னா. மாமாவ வண்டி பாக்கச் சொல்லு."

"இதுக்காவா?"

"ஒனக்கு வெளையாட்டா இருக்கு. அறுக்கப் போறது என் வயித்த. முழிப்பு வந்தாலும் வராட்டியும் இந்தக் கட்டில்லதான் கொண்டாந்து போடுவாங்க. வடக்க தல வெச்சா முழிப்பு எப்படிடி வரும்? அந்தக் காலத்து வார்டப் பாரு. ஓட்டு வூடுதான். ஆனா கட்டினவனுக்கு வெவரம் இருந்துச்சு. தல கெழக்க. மூணு தடவயும் போனேன், மூணு தடவயும் கைய வீசிக்கிட்டு வந்தேன். இவன் கண்ணாடி வெச்சான், கோடு போட்டான், கட்டிலு போடத் தெரியல."

எதிரே கேட்டுக்கொண்டிருந்த ஜைனம்பு எழுந்து வந்தார். "இதுக்காங்க பெரியம்மா இந்தப் பாடு? எங்க கட்டில்ல தல தெக்க இருக்கு. எங்களுக்கு மேக்கால கால் நீட்டக் கூடாது, அம்புட்டுதான். வடக்கு தெக்கு கணக்கு இல்ல. நர்ஸுக்கிட்ட நான் சொல்லி மாத்திக்கிறேன். அஃப்ரின், எந்திரிக்க முடியுமா?"

அஃப்ரின் உடனே போர்வையை விலக்கினாள். வயிற்றில் தையலோடு அவள் எழப் பார்த்ததும் அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"படு தாயி, படு. கைப்புள்ளைய வூட்டுல வுட்டுட்டு வந்திருக்க. எனக்கு ஆவாத எடத்துல ஒன்னப் படுக்க வெக்கறதா?"

"எங்களுக்கு அது ஆவாத எடம் இல்லீங்களே," என்றார் ஜைனம்பு.

"ஒங்களுக்கு இல்ல. எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுக்கிட்டுப் படுக்க வெச்சவ நான்தான ஆவேன்? வேணாங்க. நல்ல மனசு ஒங்களுக்கு. நான் வூட்டுக்குப் போறேன்."

நான் கீழே இறங்கினேன்.

மாமா அதே திட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி குடித்த டீ. மழை விட்டு லேசாக வெயில் வந்திருந்தது. எங்கள் வீட்டு வழக்கத்தில் மூத்தாரிடம் நின்று பேசுவது கிடையாது. முப்பத்தைந்து வருஷத்தில் நானும் அவரும் பேசினதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வராது.

"மாமா, அக்கா வூட்டுக்குப் போறேங்குது. வண்டி பாக்கணுமாம்."

"ஏன்? டாக்டரு வேணாங்கறாங்களா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வார்டைப் பற்றி அக்கா சொன்னதையும் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தாண்ட வா," என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் நாலடி பின்னால் போனேன்.

பெரிய கட்டடத்தைச் சுற்றி, ஜெனரேட்டர் கொட்டகை தாண்டி, முள் செடி முளைத்த பாதையில் போனோம். அங்கே நின்றது பழைய வார்டு. கதவில் பூட்டு. ஓட்டில் பாதியைக் காணோம். உள்ளே துருப்பிடித்த இரும்புக் கட்டில்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு சின்னதாகவா இருந்தது? என் நினைவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் காலே வலிக்கும். பாதாம் மரம் மட்டும் இருந்தது, இலை சிவந்து.

மாமா சுவரோரமாக எண்ணிக்கொண்டே போனார். இங்கே அவருக்குக் கணக்குத் தவறவில்லை. ஆறாவது சன்னலில் நின்றார்.

"இதுதான் அவ கட்டிலு. மூணு தடவயும் இதையே கேட்டு வாங்குனா."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்களே மாமா."

"இந்தக் கம்பியப் பாரு, வளைஞ்சிருக்கும். மொதப் புள்ளைக்கு டீ டம்ளரு உள்ள போவல. நான்தான் வளைச்சேன். வாட்ச்மேன் வந்து திட்டுனான்."

கம்பி வளைந்துதான் இருந்தது. துருவுக்கு அடியில் ஒரு டம்ளர் அளவுக்கு இடம்.

"இங்கதான் நிப்பேன். அவ தல சன்னலுக்கு நேர் கீழ இருக்கும். எட்டுனா நெத்தியத் தொடலாம்." கையைக் கம்பிக்குள் விட்டுக் காட்டினார். "இப்ப நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கற?"

வெயில் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் அடித்தது. நாங்கள் நிழலில் நின்றோம். கார்த்திகை மாதத்து வெயில் எந்தப் பக்கம் சாயும் என்று விவசாயம் பார்க்கிறவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"தெக்க பாத்து."

"அப்ப இது எந்தச் சுவரு?"

"வடக்குச் சுவரு," என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "மாமா, அப்ப நானும் இங்க வடக்க தல வெச்சுத்தான் கெடந்தேனா?"

"எல்லாரும்தான். பதினாறு கட்டிலும்."

"அக்கா கெழக்குன்னு..."

"நான் சொன்னது." கையைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டார். "மொதப் பிரசவம். தை மாசம். வலியில வந்து படுத்தவ, எந்தப் பக்கம்ங்க தலன்னு கேட்டா. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நர்ஸம்மாகிட்டப் போயி, கட்டிலத் திருப்பிப் போடலாமாங்கன்னு கேட்டேன். வேணும்னா தலையில தூக்கிக்கிட்டுப் போய்யான்னாங்க. வந்து, கெழக்குதான், பேசாம படுன்னு சொன்னேன். அவ்வளவுதான், தூங்கிட்டா. அதுக்கப்புறம் வெளிய நின்னு பாத்தவதான், ஆனா யோசிக்கவே இல்ல. நான் சொன்னேன்ல."

"இத இப்பச் சொன்னாப் போதுமே மாமா. வடக்க தல வெச்சுத்தான் மூணும் பொறந்துச்சுன்னு தெரிஞ்சா படுத்துக்குமே."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மூணு இல்லையே இப்ப."

நடுப்பிள்ளை அறிவரசன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் பஸ்ஸிலேயே போனவன். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. அவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

"அவன் போன அன்னிக்கே எனக்கு இதுதான் தோணுச்சு," என்றார் மாமா. "நான் சொன்ன பொய்யினாலயோன்னு. அவகிட்ட சொல்ல வாய் வரல. சொன்னா, அதனாலதான் போனான்னு ஆயிரும். அவ அதோட எப்படி இருப்பா? சொல்லலன்னா இப்ப வண்டி பாக்கணும்."

"நான் சொல்லட்டுமா மாமா?"

"வேணாம். பொய் சொன்னவன் நான்."

திரும்பி நடந்தார். லிப்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது. அவர் ஏறவில்லை. பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்வுப் பாதை ஒன்று மாடிக்கு மாடி வளைந்து போனது. அதில் ஏற ஆரம்பித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பெட்டியில போயேன்," என்றார். நான் கூடவே நடந்தேன்.

மணி நாலரை இருக்கும். அக்கா கட்டில் விளிம்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவைப் பார்த்ததும் முதலில் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"லிப்டுல வந்தீங்களா?"

"இல்ல. சாய்வா ஒரு வழி இருக்கு."

"நாலு மாடியுமா? முழங்காலு என்னத்துக்கு ஆவும்? ஒக்காருங்க. வண்டி வந்துருச்சா?"

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்குவது அடங்கும் வரை பேசவில்லை. பிறகு, "பழைய வார்டுல ஒந்தல எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார்.

"கெழக்க. ஏன், நீங்கதான சொன்னீங்க?"

"வடக்க."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"எப்ப?"

"எப்பவும். மொதலேருந்து. எனக்குத் தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன். நீ பயந்துக்குவன்னு."

"மூணு தடவயுமா?"

"மூணு தடவயும். இப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டிட்டுத்தான் வரேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எதிர்க் கட்டிலில் ஜைனம்பு மெதுவாகத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வண்டியும் வேண்டாம் ஆபரேசனும் வேண்டாம், இந்த மனுஷன் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அறிவரசனுக்கும்," என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அதனாலதான் இத்தன நாளு சொல்லலையா?"

"ம்."

அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் குரல் களத்துமேட்டில் ஆட்களை விரட்டுகிற குரல்.

"ஏங்க, அவன் கட்டில்ல போன புள்ளையா? மூணு வருசம் இருந்தான். ஓடுனான், ஒங்க தோளுல ஏறிக்கிட்டுச் சிறுவாச்சூரு தேருக்குப் போனான். ஒரு நா ஒக்காந்து சீக்குன்னு அழுதவன் இல்ல. காச்சல் வந்துச்சு, பஸ்ஸு கெடைக்க நேரமாச்சு. அதான். கட்டிலு என்ன பண்ணும்? அதே கட்டில்ல பொறந்த அவன் அக்கா ரெண்டு புள்ள பெத்து வெச்சிருக்கா. மகேசு ஆறடி நிக்கறான். அதுங்களுக்கு மட்டும் வடக்கு இல்லையா?"

"எனக்கு அப்படி நெனைக்கத் தோணல."

"எப்படித் தோணும்? ஒங்களுக்கு ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல. சொன்னமா, மறந்தமான்னு இருக்கணும். நீங்க அத இத்தன வருசம் அடைகாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. எங்கிட்டக் குடுத்திருந்தா அன்னிக்கே ஒடச்சுப் போட்டிருப்பேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஜைனம்பு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அவன் பொறந்த அன்னிக்கு மழ," என்றாள் அக்கா, குரல் இறங்கி. "கோணிச்சாக்கத் தலையில போட்டுக்கிட்டு நின்னீங்க. நெனைவு இருக்கா? புள்ளையத் தூக்கிக் காட்டச் சொன்னீங்க. நான் தூக்க முடியாமத் தூக்கிக் காட்டுனேன். அவன் ஒங்க மீசையப் பாத்துட்டு அழுதான்."

"அழுவல. கொட்டாவி வுட்டான்."

"அழுதான்."

"நான் நேரா நின்னு பாத்தேன். கொட்டாவி."

அவர்கள் இரண்டு பேரும் அறிவரசனைப் பற்றிப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் நடந்த நாள், அவன் கோழியைத் துரத்தின கதை, அவனுக்குப் பிடிக்காத சோறு. ஆறு மணிக்கு பிரவீணா வந்து, "அய்யா, டைம் ஆச்சு," என்றாள். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நான் இந்த வரிசை முடிச்சிட்டு வரேன்," என்று போய்விட்டாள். எதிர் வரிசையையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

மாமா போனதும் அக்கா பையை என்னிடம் கொடுத்தாள். கால்மாட்டில் கிடந்த தலையணையைத் தானே எடுத்துச் சுவரோரம் போட்டாள். படுத்தாள்.

"அந்த மனுசன் சாப்புட்டாரா கேட்டியா?"

"கேட்டேங்க்கா. சாப்புட்டாராம்."

"பொய் சொல்லுவாரு. நல்லாக் கேளு."

நான் போன் செய்து கேட்டுவிட்டுத் திரும்பினால் தூங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரவீணா பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். நூற்று முப்பத்தாறு. டாக்டர் வந்து சீட்டைப் படித்துவிட்டு, "என்ன மாத்திரைமா போட்டீங்க?" என்று கேட்டார். அக்கா, "எங்க வூட்டுக்காரரு வந்து பாத்துட்டுப் போனாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

பச்சை உடுப்பு மாட்டி, வளையல், தோடு எல்லாம் என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள். ஜைனம்பு அவள் கையைப் பிடித்து, "துவா செய்றேன், போங்க," என்றார். ஆபரேசன் அறைக் கதவு வரைக்கும் நானும் பிரவீணாவும் தள்ளிக்கொண்டு போனோம். கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது. உள்ளே இருந்து ஆள் வர வேண்டும்.

"ஏன் தாயி," என்றாள் அக்கா, "உள்ள அந்த மேசையில தல எந்தப் பக்கம் வரும்?"

நான் பிரவீணாவைப் பார்த்தேன். பிரவீணாவும் என்னைப் பார்த்தாள். தலைமாட்டு விஷயம் இதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் கவனிச்சதில்லம்மா. உள்ள போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம்," என்றாள். "நீ நல்ல புள்ள. பாத்தா இருக்கறதச் சொல்லிருவ."

கதவு திறந்தது.